சி என்கிற எழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மழை இரவில் என் மகளை மருத்துவமனையில் சேர்த்தோம். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இரண்டு வயதிலிருந்தே வீசிங். மழை, ஊதுபத்தி, பக்கத்து வீட்டுப் பெயின்ட் வாசனை, எது வேண்டுமானாலும் அதைக் கிளப்பிவிடும். நெபுலைசர் எங்கள் வீட்டில் மிக்ஸி மாதிரி ஒரு சாமான். அதனால் முதல் இரண்டு நாள் நாங்கள் பதறவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் 103ஐத் தாண்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. இது வழக்கமான வீசிங் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. நிமோனியா.

அன்றிரவு என் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று ரத்தப் பரிசோதனை அறிக்கை. அதில் 'சி.ஆர்.பி.' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியோடு இருந்தது. இன்னொன்று மருந்துச் சீட்டு. முதல் வரியில் ஆன்டிபயாடிக் ஊசி. அதற்கு அடுத்த வரியிலேயே ஸ்டீராய்டு.

எனக்கு அது பிடிபடவில்லை. பகலில் நான் சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறவன். ஒரே நேரத்தில் காவலைக் கூட்டவும் குறைக்கவும் சொல்கிற இரண்டு கட்டளைகளைப் பார்த்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் என் புத்தி சொல்லும். "டாக்டர், ஸ்டீராய்டு இம்யூனிட்டியைக் குறைக்கும்னு சொல்வாங்களே. இன்ஃபெக்‌ஷன் இருக்கறப்ப அதையும் ஏன் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு அந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் அவர். "சார், பாப்பாவோட நெஞ்சுக்குள்ள ரெண்டு சண்டை நடக்குது. ஒண்ணு வேண்டிய சண்டை. இன்னொண்ணு வேண்டாத சண்டை. ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள நடக்குது, அதான் பிரச்சினை."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த இரண்டு சண்டைகளையும் பிரித்தறிய மனிதர்களுக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆனது என்பதை அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எச்சில்

நிமோனியாவின் நவீன வரலாறு எச்சிலில் தொடங்குகிறது. 1880இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் தன்னுடைய எச்சிலை எடுத்து முயல்களுக்கு ஊசி போட்டார். முயல்கள் செத்துப்போயின. அதே வருடக் கடைசியில் பாரிஸில் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலை முயலுக்குச் செலுத்தினார். அந்த முயலும் இறந்தது. இருவருமே முயல்களின் ரத்தத்தில் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டைக் கிருமிகளைக் கண்டார்கள். 1881இல் தனித்தனியே எழுதி வெளியிட்டார்கள். பின்னாளில் நியூமோகாக்கஸ் என்று பெயர்பெற்ற பாக்டீரியா அது.

ஸ்டெர்ன்பெர்க் நோயாளி கிடையாது, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர். முயலைக் கொன்ற கிருமி அவர் வாயில் சும்மா உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளில் நிறையப் பேரின் மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவே இந்தக் கிருமி குடியிருக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆக, 'கிருமி எங்கிருந்து வந்தது' என்பது பாதிக் கேள்விதான். 'இத்தனை நாள் சும்மா இருந்தது இந்தக் குழந்தையின் நுரையீரலுக்குள் மட்டும் ஏன் இறங்கியது' என்பது மீதி.

ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் நிமோனியாவுக்கு ஒரு நாள்கணக்கு இருந்தது. காய்ச்சல் ஒரு வாரம் கொதிக்கும். ஏழாம் நாளை ஒட்டி நோயாளி இறப்பார், அல்லது சில மணி நேரத்துக்குள் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் மளமளவென இறங்கும். வீட்டார் கட்டிலைச் சுற்றிக் காத்திருப்பார்கள். அந்த ஏழாம் நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான தடயத்தை 1891இல் ஜெர்மனியின் க்ளெம்பரர் சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். கிருமியை எதிர்கொண்டு மீண்ட முயலின் ரத்த நீரை இன்னொரு முயலுக்குச் செலுத்தினால் அதுவும் தப்பிக்கிறது. ரத்தத்தில் ஏதோ ஒன்று உருவாகிறது. அது உருவாவதற்கு எடுக்கும் நேரம்தான் அந்த ஏழு நாள். இன்று நாம் எதிர்ப்பொருள் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது அதைத்தான்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் கிருமியின் மேலங்கி. நியூமோகாக்கஸைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழவழப்பான உறை ஒன்று இருக்கிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களுக்கு அது பிடிகொடுப்பதில்லை, விளக்கெண்ணெய் தடவிய உடம்பைப் பிடிக்கப் போவது மாதிரி. எதிர்ப்பொருள் அந்த உறையின் மேல் ஒட்டிக்கொண்டு கைப்பிடியாகிறது. அதன்பின் விழுங்குவது எளிது. சிக்கல் என்னவென்றால் எல்லா நியூமோகாக்கஸுக்கும் ஒரே உறை கிடையாது. 1910இல் பெர்லினில் நியூஃபெல்டும் ஹெண்டலும் இவற்றில் வகைகள் உண்டு என்று காட்டினார்கள். ஒரு வகைக்கான எதிர்ப்பொருள் இன்னொன்றைத் தொடாது. இன்று அந்தக் கணக்கு நூறைத் தொட்டிருக்கிறது.

குதிரையும் ஆஸ்துமாவும்

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் ரூஃபஸ் கோலும் அவருடைய குழுவினரும் ஒரு வைத்தியத்தை உருவாக்கினார்கள். குதிரைகளுக்கு நியூமோகாக்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அவற்றின் ரத்த நீரை எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது. ஏழாம் நாள்வரை காத்திருக்காமல் குதிரையிடமிருந்து எதிர்ப்பொருளைக் கடன் வாங்கும் ஏற்பாடு. முதலாம் வகை நிமோனியாவில் இது நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் குதிரையின் ரத்த நீர் மனித உடம்புக்கு அந்நியப் பொருள். வியன்னாவில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்த நீர் போடப்பட்ட குழந்தைகளைக் கவனித்துவந்தவர்கள் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள். உயிரைக் காப்பாற்றிய ஊசிக்குச் சில நாட்களுக்குப் பின் குழந்தைகளுக்குத் தடிப்பும் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தன. இரண்டாம் முறை போட்டால் இன்னும் சீக்கிரமாக வந்தன. கிருமியே இல்லாத ஒரு நோய். உடம்பின் எதிர்ப்பே நோயாகிவிட்டது என்று 1905இல் இருவரும் எழுதினார்கள். காக்கிற வேலையும் கெடுக்கிற வேலையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமே? 1906இல் பிர்கே கிரேக்கத்திலிருந்து ஒன்றைச் செய்தார். மாறுபட்ட வினை என்ற பொருளில் 'அலர்ஜி'. அலர்ஜி என்ற சொல்லே காய்ச்சலில் கிடந்த குழந்தைகளின் கட்டிலோரத்தில் பிறந்தது என்று தெரிந்தபோது எனக்கு அந்த இரவு இரண்டு மணி ஞாபகம் வந்தது.

1910இல் கோல் வேலை பார்த்த அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் மெல்ட்சர் ஆஸ்துமாவும் இந்த வகை எதிர்வினைதான் என்று வாதிட்டார். அந்நியப் புரதத்தை இரண்டாம் முறை செலுத்திய கினிப்பன்றிகள் மூச்சுக்குழாய் இறுகி, காற்றை வெளியே விட முடியாமல், நுரையீரல் ஊதிப்போய் இறந்தன. ஆஸ்துமாக்காரரின் நெஞ்சும் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

இந்த இரண்டு கதைகளும் நோயாளியின் உடம்பிலேயே மோதிக்கொண்டன. நிமோனியாவுக்கு ரத்த நீர் ஏற்றுவதற்கு முன்பு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, 'ஆஸ்துமா உண்டா? குதிரை பக்கத்தில் போனால் மூச்சு இரைக்குமா?' ஆம் என்றால் அந்த ஊசியே சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடலாம். நிமோனியாவைத் தாங்க முடியாத நெஞ்சுக்கு நிமோனியாவின் மருந்தும் ஆகாது. 1930களில் குதிரைக்குப் பதிலாக முயலின் ரத்த நீரைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதற்குள் சல்ஃபா மருந்துகளும் அடுத்து பென்சிலினும் வந்து அந்த வைத்தியத்தையே வழக்கொழித்துவிட்டன.

அந்தக் காலத்தின் ஒரு மிச்சம் மட்டும் நம் ஊர்த் தெருமுனை லேப் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1930இல் ராக்ஃபெல்லரில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நியூமோகாக்கஸைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக 'சி' என்று பெயரிட்ட பகுதியை நிமோனியா நோயாளிகளின் ரத்த நீரில் கலந்தால் திரிந்தது. நோயாளி தேறியதும் எடுத்த ரத்தத்தில் திரியவில்லை. எதிர்ப்பொருள் என்றால் தேறிய பிறகுதானே கூட வேண்டும்? இது நேர்மாறாக இருந்தது. காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும் ஒரு புரதம். சி பகுதியோடு வினைபுரியும் புரதம், அதாவது சி.ஆர்.பி. என் மகளின் அறிக்கையில் அம்புக்குறி போட்டிருந்த அந்த வரி. அதிலுள்ள 'சி' நியூமோகாக்கஸின் ஒரு துண்டு.

வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட குழந்தைகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்துமாவின் கதை வேறொரு திசையில் போனது. அது மனதின் நோய், குறிப்பாகத் தாயின் அதீதப் பாசத்தால் வருவது என்று நம்பிய மருத்துவர்கள் பலர். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஸ்துமாக் குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே நீண்ட காலம் தங்கவைத்தார்கள். முர்ரே பெஷ்கின் என்ற மருத்துவர் இதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அறுவைசிகிச்சையில் உறுப்பை அகற்றுவதற்குச் சொல்லும் சொல்லைப் போலவே, 'பெற்றோர் அகற்றம்'. அகற்றப்படும் உறுப்பு, பெற்றோர்.

இதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் என் அம்மா என் மனைவியிடம் "நீதான் அவளைப் பொத்திப் பொத்தி வளக்குற, அதான் இப்படி" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பெஷ்கின் பெயரை அம்மா கேள்விப்பட்டதே இல்லை. அந்த எண்ணத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை.

டென்வர் போன குழந்தைகளில் பலருக்கு உண்மையிலேயே இரைப்பு குறைந்தது. அம்மாவைப் பிரிந்ததால்தான் என்று நினைத்தார்கள். வீட்டில் அம்மா மட்டுமா இருந்தாள்? மெத்தையும் தூசியும் இருந்தன. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிதான் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். இன்னொரு விடை டென்வரிலிருந்தே வந்தது. அந்தக் குழந்தைகள் இல்லத்தோடு இணைந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி, தங்கள் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து, 1966இல் அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். ஐஜிஇ என்று இன்று லேப் அறிக்கைகளில் வருவது அது. ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். தாய்மார்கள் மேலிருந்த குற்றச்சாட்டு அறிவியலில் அதோடு வலுவிழந்தது. வீடுகளில் இன்னும் இருக்கிறது.

சுரங்கத்திலிருந்து தடுப்பூசி

தடுப்பூசியின் கதை இன்னும் கசப்பானது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்கு மொசாம்பிக், இன்றைய மலாவி போன்ற வெப்பப் பகுதிகளிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்தார்கள். நெருக்கியடித்த கொட்டடிகளில் தங்கவைத்தார்கள். வந்த கொஞ்ச காலத்திலேயே நிமோனியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். சுரங்க முதலாளிகள் லண்டனிலிருந்து ஆம்ரோத் ரைட் என்ற புகழ்பெற்ற மருத்துவரை வரவழைத்தார்கள். 1911இல் அவர் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் செத்த கிருமிகளால் ஆன தடுப்பூசியைப் போட்டார். வகைகளின் கணக்கு சரியாகத் தெரியாத காலம். பலன் தெளிவாக இல்லை. கொட்டடிகளில் நெருக்கத்தைக் குறைப்பதைவிட ஊசி மலிவு என்ற கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. சாவு தாங்காமல் 1913இல் அரசு வெப்பப் பகுதிகளிலிருந்து ஆளெடுப்பதையே தடைசெய்தது.

1945இல் காலின் மக்லியோடும் மைக்கேல் ஹைடல்பெர்கரும் அமெரிக்க விமானப்படை வீரர்களிடம் கிருமியின் உறைச் சர்க்கரையை மட்டும் கொண்ட தடுப்பூசி வேலைசெய்கிறது என்று நிரூபித்தார்கள். அதற்குள் பென்சிலின் வந்துவிட்டதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ராபர்ட் ஆஸ்ட்ரியன் ஒருவர் மட்டும் 1964இல் ஒரு கணக்கை முன்வைத்தார். நோய் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே இறப்பவர்களைப் பென்சிலினால் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய பிடிவாதத்தால் 1970களில் அதே தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் மீண்டும் சோதனை நடந்தது. 1977இல் 14 வகைகளுக்கான தடுப்பூசி வந்தது.

ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது சரியாக வேலை செய்யாது. வெறும் சர்க்கரையை அவர்களுடைய உடம்பு எதிரியாக அடையாளம் காணாது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டினால் உடம்பு கண்டுகொள்ளும் என்று 1930ஐ ஒட்டியே ஆஸ்வால்ட் ஏவரியும் வால்டர் கோபெலும் முயல்களிடம் காட்டியிருந்தார்கள். அந்த யோசனை குழந்தைகளுக்கான நியூமோகாக்கஸ் ஊசியாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2000இல். எழுபது வருடம்.

ஒரே குழாய்க்குள்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி திறந்தே இருந்தது. ஆஸ்துமாக்காரரின் எதிர்ப்பு சக்தி எதற்கெடுத்தாலும் எகிறுகிறது என்றால், அவருக்குத் தொற்று குறைவாக அல்லவா வர வேண்டும்?

2005இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தாமஸ் டால்பட் குழுவினர் 2 முதல் 49 வயது வரையிலானவர்களின் பதிவுகளை அலசினார்கள். நியூமோகாக்கஸ் ரத்தம் போன்ற பகுதிகளுக்குள் புகுந்து உண்டாக்கும் தீவிர நோய்க்கான ஆபத்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அலர்ட் அதிகம் அடிக்கிற வீட்டில்தான் திருட்டும் அதிகம்.

ஏன் என்பதற்குப் பதில் பல துண்டுகளாகக் கிடைத்தது. 1986இல் மாஸ்மனும் காஃப்மனும் எலிகளின் டி செல்களில் இரண்டு அணிகள் இருப்பதைக் கண்டார்கள். ஓர் அணி உயிரணுக்களுக்குள் பதுங்கும் கிருமிகளைக் கொல்ல உதவுவது. இன்னொன்று புழுக்களை எதிர்ப்பதற்கானது. அலர்ஜி ஆஸ்துமாவில் இந்த இரண்டாம் அணியின் கை ஓங்கியிருக்கிறது. அது அனுப்பும் சமிக்ஞைகள் மூச்சுக்குழாயின் சுவரைச் சளி சுரக்கச் சொல்கின்றன. சளி கெட்டிப்பட்டுக் குழாயை அடைக்கும்போது, கிருமியை மேலே தள்ளிவிடும் நுண்முடிகளின் வேலை தடைபடுகிறது. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்ச் செல்கள் ஜலதோஷ வைரஸ் நுழையும்போது இன்டர்ஃபெரானைக் குறைவாகச் சுரப்பதைச் சில ஆய்வுகள் காட்டின. வைரஸ் சுவரைப் புண்ணாக்கிய இடத்தில், தொண்டையில் சும்மா கிடந்த நியூமோகாக்கஸ் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைகளின் நுரையீரலிலிருந்து எடுத்த விழுங்கணுக்களுக்குப் பாக்டீரியாவை விழுங்கும் திறனே குறைந்திருந்ததை அட்லாண்டா ஆய்வாளர்கள் 2008இல் கண்டார்கள். சத்தம் அதிகம், பிடிமானம் குறைவு.

மருந்துச் சீட்டின் இரண்டு வரிகள் எனக்குப் புரிந்தது இங்கேதான். ஆன்டிபயாடிக் கிருமிக்கு. ஐந்து நாள் ஸ்டீராய்டு, வீங்கி இறுகிய குழாயைத் திறப்பதற்கு. திறக்காவிட்டால் காற்றும் போகாது, சளியும் வெளியேறாது. மாதக்கணக்கில் அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பதன் ஆபத்து வேறு. தினசரி இன்ஹேலரின் சின்ன அளவு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல், "ஸ்டீராய்டுதானே, பழகிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் கொஞ்சம் தேறினாற்போலத் தெரிந்த ஆகஸ்ட் மாதத்தில் அவளுடைய இன்ஹேலரை நிறுத்தியவன் நான்தான். நவம்பரில் ஆஸ்பத்திரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் 2018இல் பிறந்தாள். நியூமோகாக்கஸ் தடுப்பூசி அப்போது தமிழ்நாட்டு அரசு அட்டவணையில் இல்லை. இந்தியா 2017இல் இமாச்சலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும்தான் தொடங்கியிருந்தது. தனியாரில் டோஸ் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய். முதல் இரண்டைப் போட்டோம். அப்புறம் நான் வேலை மாறினேன், வீடு மாறினோம், தடுப்பூசி அட்டையில் மிச்சக் கட்டங்கள் காலியாகவே நின்றுவிட்டன. 'ஆப்ஷனல்' என்று எழுதியிருந்ததை, 'தேவையில்லை' என்று வாசித்துக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் இதைக் கேட்டேன். "போட்டிருந்தா வந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது சார். எந்தக் கிருமின்னு நமக்கு உறுதியாத் தெரியாது. ஊசியில இல்லாத வகையாவும் இருக்கலாம்" என்றார். அது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை, உண்மை. ஆனாலும் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

2021இல் அந்த ஊசி நாடு முழுக்க அரசு அட்டவணைக்குள் வந்தது, தமிழ்நாடு உட்பட. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். பூனாவில் தயாராகும் ஊசியும் சந்தைக்கு வந்துவிட்டது. 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்டெர்ன்பெர்க் தன் எச்சிலை முயலுக்குப் போட்டு அப்போது 139 வருடங்கள் ஆகியிருந்தன.

மகளுக்கு இப்போது எட்டு வயது. காலையும் இரவும் ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறாள், பல் தேய்ப்பதைப் போல. முடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லி எனக்கே ஞாபகப்படுத்துகிறாள். மனைவியிடம் அம்மா அப்படிச் சொன்னது தப்பு என்று இஷிசாகா தம்பதியின் கதையைச் சொல்லி அம்மாவுக்குப் புரியவைக்க முயன்றேன். "சரிடா, அந்தப் புகைய விடுற ஊதுபத்திய நான் நிறுத்திடறேன்" என்று மட்டும் சொன்னார். நிறுத்தியும் விட்டார்.

டிஸ்சார்ஜ் ஆன ஆறாவது வாரம் விடுபட்ட ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தோம். அட்டையில் காலியாக இருந்த கட்டத்தில் நர்ஸ் தேதியை எழுதினார். நான்கு வருடம் தள்ளி எழுதிய தேதி என்பதால் அச்சிட்ட கட்டத்துக்குள் அடங்காமல் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கிறது. சி.ஆர்.பி. அறிக்கையையும் அந்த அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன்.